விதிவிலக்குப் பட்டியல்

தாலுகா ஆபீஸ் எதிரில்
ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ்
எதையோ வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டது.
கோப்புறை ஒவ்வொன்றும்
மூலையில் ஒரு வளைந்த அம்புக்குறியோடு
பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது.
மாரண்டஅள்ளி குள்ளம்மாவின் பட்டா மாறுதல்,
காரிமங்கலம் தெருவிளக்கு,
பெயர் எழுத வேண்டாமென்ற ஒருத்தியின் ஜீவனாம்சம்.
சொடுக்கினால்
அப்படி எதுவும் இங்கே இல்லை என்கிறது.
பாலக்கோட்டில் மனு கொடுப்பவர்கள்
வழக்கமாய்க் கேட்கிற பதில்தான்.
என் கம்ப்யூட்டர் சொல்லி
இப்போதுதான் கேட்கிறேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பின்னால் கடை.
சென்றாயன் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தான்.
பச்சை, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு வருடம்.
சிவப்பு, மூன்று கம்ப்யூட்டருக்கு.
"எங்க வீட்ல ஒண்ணுதான்."
"இன்னும் ரெண்டு வாங்காமலா போயிடுவீங்க?"
மஞ்சள் டப்பாவின் மேல்
லேப்டாப்பைச் சுற்றி ஒரு குடும்பம் சிரித்தது,
எங்கள் பக்கத்துத் தண்ணீரைக்
குடித்தே அறியாத பல்வரிசையோடு.

"இலவசமா ஒண்ணு இருக்காமே?"
"இருக்குங்க. நல்லாவே வேலை செய்யும்.
தினம் நாலு தடவை காசு கேக்கும்."
"காசு கட்டினா?"
"வருசத்துக்கு ஒரு தடவை கேக்கும்."

எதிர்வீட்டுத் தீர்த்தகிரி
உடைத்த சாவி எண் ஒன்று தருவதாகச் சொன்னார்.
திருடிய பூட்டை
என் கதவில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்.

"திருட நம்மகிட்ட என்ன இருக்கு?"
என்றார் என் வீட்டுக்காரர்.
தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.
அன்றைக்குக் கிலோ மூன்று ரூபாய்.
நியாயமான கேள்விதான்.

ராத்திரி உட்கார்ந்து
ஒரு மாதம் முன்பு எடுத்துவைத்த நகலைத் திறந்து எண்ணினேன்.
ஆதார் நூற்று எண்பத்தாறு.
வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எழுபது.
இறப்புச் சான்றிதழ் பதினான்கு.
கட்டைவிரல்கள், நீலத்தில், எண்ணவில்லை.
நாங்கள் இரண்டு பேரும்
ஒரே ஒரு கேஸ் மானியப் படிவத்தில் இருந்தோம்.

பச்சையையே வாங்கினேன்.
டப்பாவுக்குள் ஒரு அட்டை, அவ்வளவுதான்.
ஐந்து ரூபாய்க் காசால் சுரண்டினால்
இருபது எழுத்து.

சோறு வடித்து, குழம்பு இறக்கி,
துணி காயப்போட்டு வந்தும்
அது தேடிக்கொண்டே இருந்தது.
நாற்பத்தொரு ஆபத்து.
அம்புக்குறிகள் உதிர்ந்தன.
குள்ளம்மா திரும்பி வந்தாள், சர்வே எண்ணோடு.

நாற்பத்திரண்டாவது
என் தமிழ்த் தட்டச்சு.
எப்போதோ ஒரு சிடியில் வந்தது.
நான் தொடுகிற ஒவ்வொரு விசையையும்
ஒளிந்திருந்து கவனிக்கிறதாம்.
கவனிக்காமல் எப்படி
ககரத்தையும் உகரத்தையும் சேர்த்து
'கு' என்று தரும்?
கேள்வி கேட்பதற்குள் சிறையில் போட்டுவிட்டது.
'ஐயா' என்று அடித்தேன்.
இங்கிலீஷ் எழுத்து மூன்று
கூழாங்கல் மாதிரி விழுந்தன.

சென்றாயனுக்குப் போன் போட்டேன்.
"விதிவிலக்குப் பட்டியல்னு இருக்கும்க்கா, அதுல சேருங்க."
"அது நல்லதுதான்னு எப்படித் தெரியும்?"
"அத நீங்கதான் சொல்லணும்."

யார் செய்ததென்று தெரியாது.
சிடி விற்ற கடையில் இப்போது பிரியாணி.
ஒரு ளகரத்தைக்கூட அது
எனக்குத் தப்பாகத் தந்ததில்லை,
தப்பெல்லாம் நான் போட்டது.
ஆனால் பதினெட்டு வருடமாக
குள்ளம்மாக்கள் சொன்ன எல்லாவற்றையும்
அதுவும்தான் கேட்டிருக்கிறது.
கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன்.
பிறகு
'நம்புகிறேன்' பெட்டியில் ஒரு டிக்.

காலையில் வாசலில் குள்ளம்மா.
"எம் மனு இருக்குதா?"
"இருக்கு."
"பத்திரமா?"
திரையின் ஓரத்தில் பச்சைக் குறி,
முந்நூற்று அறுபத்து நாலு நாள் பாக்கி.
"அடுத்த ஆடி வரைக்கும்" என்றேன்.
விரல் மடக்கி எண்ணிப் பார்த்துக் கேட்டாள்:
"அதுக்குள்ள பட்டா வந்துருமா?"